டேப் சுத்தினது ரிப்பேர் இல்ல

ஒரு நிமிஷம் இதைப் படிக்கிறதை நிறுத்திட்டு உங்க லேப்டாப் சார்ஜரைக் கையில எடுங்க. லேப்டாப்பில் சொருகுற பின்னுக்குக் கீழே, ஒயர் வளையுற கழுத்துப் பகுதியைப் பாருங்க. கருப்பு இன்சுலேஷன் டேப் சுத்தியிருக்கா? ஓரம் பிரிஞ்சு, பிசுபிசுன்னு, கையில ஒட்டுதா? போன வாரம் எங்க கிளாஸ்ல கடைசி ரெண்டு பெஞ்சுல மட்டும் எண்ணிப் பார்த்தேன். நாலு சார்ஜர். ஒருத்தன் டேப் கிடைக்காம ஜான்சன் பிளாஸ்டரையே ஒட்டியிருந்தான். காயத்துக்குக் கட்டு போட்ட மாதிரி.

அந்த டேப் ரிப்பேர் இல்லைங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. உள்ளே அறுந்து கிடக்குற கம்பியை நம்ம கண்ணுல படாம மறைக்குது, அவ்வளவுதான். இதை வீட்டுல அம்மா செஞ்சா பரவாயில்ல. கிர்காஃப் விதியை செமஸ்டருக்கு செமஸ்டர் எழுதிட்டு வர்ற நாம செய்றோம்னா, எங்கேயோ இடிக்குது.

எனக்கு இது எப்படி உறைச்சதுன்னு சொல்றேன். திருவொற்றியூர்ல இருக்குற என் பெரியம்மா பொண்ணு டிகிரி இரண்டாம் வருஷம் படிக்கிறா. அவகிட்ட இருக்குறது அவ அண்ணன் பிளஸ் டூ படிச்சப்போ அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011-ல ஆரம்பிச்ச அந்தத் திட்டத்துல வந்த பெட்டிகள் எங்க தெருவுல இன்னமும் நாலஞ்சு வீட்ல ஓடிட்டிருக்கு. பேட்டரி எப்பவோ போச்சு, சார்ஜர் சொருகினாதான் ஆன் ஆகும். அந்தச் சார்ஜர் ஒயர் கழுத்துல விட்டுப் போச்சு. ஒரு கோணத்துல பிடிச்சா லைட் எரியும், கையை எடுத்தா அணைஞ்சிடும். கடையில கேட்டா, "சார்ஜர் போச்சும்மா, புதுசு 1,800 ஆகும்"னு சொல்லிட்டாங்க. அவ ஒரு மாசம் அசைன்மென்ட் எல்லாம் போன்லயே டைப் பண்ணினா. பெரியம்மாவுக்கு நான் இன்ஜினீயரிங் படிக்கிறேன்னு ரொம்ப நம்பிக்கை. "நீ பார்த்துக் குடுடா"ன்னாங்க. நான் பார்த்தேன். டேப் சுத்தினேன். ரெண்டு வாரத்துல மறுபடி விட்டுப் போச்சு, மறுபடி சுத்தினேன். இந்தத் தடவை அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக் கருகுற வாடை வந்துச்சு. அவளே பயந்து பிடுங்கிப் போட்டுட்டா.

அப்புறம் ராயபுரத்துல, ஒரு ஆள் உட்கார்ற அளவு மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்குற அண்ணன் ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். கால் மணி நேரம், அறுபது ரூபா. அந்தச் சார்ஜர் இன்னிக்கு வரைக்கும் ஓடுது. வேலை செய்யும்போதே கேட்டார், "என்ன படிக்கிற தம்பி?" ஈசிஇ மூணாவது வருஷம்னேன். அவர் சிரிக்கல. சிரிச்சிருந்தா கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அவர் என்ன செஞ்சார்னு சொல்றேன். ஏன்னா அதுல மறைச்சு வைக்கிற வித்தை எதுவும் இல்ல, நீங்களே செய்யலாம்.

முதல்ல சார்ஜரைச் சுவர் பிளக்கில இருந்து எடுத்துட்டாரு. அந்தக் கருப்புச் செங்கல் பெட்டியை அவர் தொடவே இல்ல. நீங்களும் திறக்காதீங்க. 230 வோல்ட் ஏசியை டிசி ஆக்கினா உச்சம் கிட்டத்தட்ட 325 வோல்ட். அந்த அளவு சார்ஜ் உள்ளே ஒரு கெபாசிட்டர்ல, பிளக்கைப் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். நம்ம வேலை பெட்டிக்கு வெளியே இருக்குற பத்தொன்பது வோல்ட் ஒயரில் மட்டும்தான்.

அப்புறம் மல்டிமீட்டரை கன்டினியூட்டியில வச்சு, ஒயரை ஆட்டிக்கிட்டே எந்த இடத்துல பீப் நிக்குதுன்னு பார்த்தாரு. நான் எதிர்பார்க்காததை அடுத்துச் செஞ்சாரு. பழுதான இடத்துல மட்டும் வெட்டாம, அதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இன்ச் சேர்த்து வெட்டி வீசிட்டாரு. "அறுந்தது ஒரு இடம்தான், ஆனா செத்தது இவ்வளவு இருக்கும்"னாரு. கழுத்துப் பகுதியில செம்பு இழைகள் தினமும் வளைஞ்சு வளைஞ்சு கடினமாகி, ஒவ்வொண்ணா முறியுது. மெட்டீரியல் சயன்ஸ்ல படிச்ச அதே ஃபெட்டீக்தான். கடைசி இழை முறியுற அன்னிக்குதான் நமக்குத் தெரிய வருது. பக்கத்துல இருக்குற இழைகளும் முறியத் தயாராத்தான் இருக்கும். அங்கேயே ஒட்டுப் போட்டா அடுத்த மாசம் ஒட்டுக்குப் பக்கத்துல விடும்.

காசிமேட்டுல மீன்பிடித் துறைமுகம் பக்கம் போயிருந்தீங்கன்னா வலை பழுது பார்க்குறவங்களைப் பார்த்திருப்பீங்க. வலையில ஓட்டை விழுந்தா உடனே ஊசியை எடுத்துப் பின்ன ஆரம்பிக்க மாட்டாங்க. முதல்ல கத்தியால கிழிசலைச் சுத்தி நைஞ்ச கண்ணிகளை எல்லாம் வெட்டி, ஓட்டையை இன்னும் பெருசாக்குவாங்க. நல்ல கண்ணி வர்ற வரைக்கும் வெட்டிட்டு, அதுல இருந்துதான் பின்னல் தொடங்கும். சின்ன வயசுல அதைப் பார்த்து, இவங்க ஏன் கெடுக்குறாங்கன்னு நினைச்சிருக்கேன்.

இப்ப ஒயருக்கு வருவோம். சில லேப்டாப் சார்ஜர்ல நடுவுல ஒரு கம்பி, அதைச் சுத்தி வலை மாதிரி இன்னொரு கம்பி இருக்கும். நடுக்கம்பிதான் பெரும்பாலும் பாசிட்டிவ். ஆனா நம்பிக்கையில வேலை செய்யாதீங்க. சார்ஜர் லேபிள்ல ஒரு சின்ன வட்டப் படம் இருக்கும், நடுவுல பிளஸ்ஸா மைனஸான்னு அதுல தெரியும், மீட்டர்லயும் பார்த்துக்கோங்க. சில பிராண்டுகள்ல மூணாவதா முடி மாதிரி ஒரு மெல்லிய ஒயரும் உண்டு. சார்ஜர் தன்னை யாருன்னு லேப்டாப்புக்குச் சொல்றது அது வழியாத்தான். அதை விட்டுட்டு மத்த ரெண்டை மட்டும் சேர்த்தா, லேப்டாப் ஆன் ஆகும், பேட்டரி மட்டும் ஏறாது. "சார்ஜர் டூப்ளிகேட்"னு திட்டிக்கிட்டு இருப்போம்.

சேர்க்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஒரு காரியத்தை எல்லாருமே மறப்போம்: ஸ்லீவை முதல்ல ஒயருக்குள்ள நுழைச்சு வைக்கணும். சூடு காட்டினா சுருங்குற அந்தக் குழாய், மீட்டர் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். சால்டர் எல்லாம் அழகா முடிச்சிட்டு ஸ்லீவ் மேசை மேல கிடக்குறதைப் பார்க்குற சோகம் எனக்கு மூணு தடவை நடந்திருக்கு.

ரெண்டு கம்பியையும் ஒரே இடத்துல சேர்க்காதீங்க. ஒண்ணை முன்னாடியும் இன்னொண்ணை ஒரு இன்ச் தள்ளியும் வெட்டிச் சேர்த்தா, ஒரு ஸ்லீவ் கிழிஞ்சாலும் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடாது, ஒட்டும் குண்டாத் தெரியாது. இழைகளை எதிரெதிரா வச்சு ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கிச் சுத்துங்க. தந்திக் கம்பி காலத்து முடிச்சு இது, வெஸ்டர்ன் யூனியன் ஸ்ப்ளைஸ்னு பேரு. முடிச்சுதான் இழுவையைத் தாங்கணும். சால்டர் மின்சாரத்துக்கு வழி விடத்தான். அதைப் பசை மாதிரி நினைச்சுப் பூசுறவங்கதான் ஏமாறுறது. இருபத்தஞ்சு வாட் அயர்ன் போதும். அயர்ன் கம்பியைச் சூடாக்கணும், கம்பி லெட்டை உருக்கணும். லெட்டை அயர்ன்ல உருக்கிக் கம்பி மேல சொட்டினா, மேலே பளபளன்னு உருண்டையா நிக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. ஈயம் கலந்த லெட்தான் நம்ம கடையில அதிகம், அதனால ஜன்னல் பக்கம் உட்காருங்க, முடிச்சதும் கை கழுவிட்டு அப்புறம் சாப்பிடுங்க.

இயர்போன் ஒயர்ல ஒரு தந்திரம் இருக்கு. உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறத்துல தெரியுற இழைகளைப் பார்த்துட்டு, வெறும் கம்பின்னு நினைச்சு முறுக்கிச் சேர்த்தா வேலை செய்யாது. அந்த நிறமே ஒரு எனாமல் பூச்சு. ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியா இன்சுலேஷன். அயர்ன்ல கொஞ்சம் லெட்டோட வச்சு அந்தப் பூச்சை எரிச்சாதான் லெட் பிடிக்கும். கூடவே ஓடுற நூலையும் வெட்டி எடுத்துடுங்க. யூஎஸ்பி ஒயர்னா சிவப்பு ஐந்து வோல்ட், கருப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் டேட்டா. ஒழுங்கா செஞ்ச ஒயர்ல இப்படித்தான் இருக்கும். ஐம்பது ரூபா ஒயர்ல என்ன நிறம் வேணும்னாலும் இருக்கும், மீட்டரைத்தான் நம்பணும்.

ஐம்பது ரூபா ஒயர்னதும் ஒரு கணக்கு. "போன் ஏன் இவ்வளவு மெதுவா ஏறுது, பேட்டரி போச்சா?"ன்னு கேட்குறவங்களுக்கு. மலிவு யூஎஸ்பி கேபிள்ல பவர் ஒயரே 28 கேஜ்ல இருக்கும். அதோட தடை மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். ஒரு மீட்டர் கேபிள்னா போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர், மொத்தம் 0.43 ஓம். ரெண்டு ஆம்பியர் இழுத்தா 0.85 வோல்ட் ஒயர்லயே போச்சு. ஐந்து வோல்ட்ல கிளம்பினது 4.15-ஆ போய்ச் சேருது. அதே கேபிள்ல 24 கேஜ் போட்டிருந்தா இழப்பு 0.34 வோல்ட்தான். ஓம் விதி, எட்டாம் கிளாஸ்ல இருந்து தெரியும். ஆனா பேட்டரியை மாத்தினவங்க உண்டு, கேபிளை மாத்திப் பார்க்காம.

இதே கணக்குதான் டேப் விஷயத்துலயும். 65 வாட் சார்ஜர், 19 வோல்ட், 3.42 ஆம்பியர். டேப்புக்குள்ள நாலு இழை மட்டும் தொட்டுக்கிட்டு இருக்குற இடத்துல தடை வெறும் 0.1 ஓம்னு வைங்க. மின்னோட்டத்தோட வர்க்கத்தால பெருக்கினா ஒரு வாட்டுக்கு மேல சூடு, அதுவும் ஒரு அரிசி அளவு இடத்துல. சாதாரண பிவிசி இன்சுலேஷன் 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கணும்னு செய்யுறாங்க. என் தங்கச்சி மூக்குல ஏறின வாடை அதுதான்.

நம்ம ஏரியாவுக்குன்னு இன்னொரு வில்லன் இருக்கான். கடல் காத்து. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் கடலை ஒட்டி வாழுற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, ஜன்னல் கம்பி துரு பிடிக்கிறதையும் ஃபேன் இறக்கை அரிக்கிறதையும். செம்புல அது பச்சையா வரும். களிம்பு. (சைவ சித்தாந்தக்காரங்க ஆணவ மலத்துக்குச் சொல்ற உவமை இதுதான், செம்போடவே பிறந்த களிம்புன்னு. பட்டினத்தார் அடங்கின ஊர்ல இருந்துக்கிட்டு இதைச் சொல்லாம விட மனசு வரல.) டேப் பசை இந்த ஈரத்துலயும் வெயில்லயும் சீக்கிரமே வழுக்கிடும். இடைவெளியில உப்பு ஈரம் உள்ளே போகும், செம்பு பச்சையாகும், தடை ஏறும், சூடு ஏறும். பழைய ஒயரைச் சீவிப் பார்க்கும்போது இழை கருப்பாவோ பச்சையாவோ இருந்தா, பளிச்சுன்னு செம்பு நிறம் வர்ற வரைக்கும் பின்னாடி போய் வெட்டுங்க. உள்ளே பசை தடவின ஸ்லீவ்னு ஒரு வகை இருக்கு, கொஞ்சம் விலை கூட. சூடு காட்டினா பசை உருகி ஓரத்தை அடைச்சிடும். நம்ம பக்கத்துக்கு அதுதான் சரி.

சரி, எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணலாமான்னா, கூடாது. இதை நான் அழுத்திச் சொல்லணும், இல்லைன்னா இந்தக் கட்டுரையைப் படிச்சிட்டு எவனாவது அயன் பாக்ஸ் ஒயரை நடுவுல சேர்த்துடுவான்.

சுவர் பிளக்கில போற எந்த ஒயரையும் நடுவுல ஒட்டாதீங்க. அயன் பாக்ஸ், மிக்ஸி, கிரைண்டர், டேபிள் ஃபேன், ஜங்ஷன் பாக்ஸ், எதுவா இருந்தாலும். பழுது பிளக் ஓரத்துல இருந்தா அந்த ஓரத்தை வெட்டி வீசிட்டு, புது பிளக் மாட்டுங்க. நடுவுல இருந்தா முழு ஒயரையும் மாத்துங்க. பச்சை ஒயரை, அதாவது எர்த்தை, "இது இல்லாமயும் ஓடுதே"ன்னு மடிச்சு விடாதீங்க. இது இல்லாம ஓடும்தான். பாடிக்குக் கரண்ட் வர்ற அன்னிக்குத்தான் அது எதுக்குன்னு தெரியும், அன்னிக்கு கிரைண்டரைத் தொடப் போறது நீங்க இல்ல, உங்க அம்மா, அதுவும் ஈரக் கையோட. பிளக்குக்குள்ள திருகுல மாட்டுற இழைகளுக்கு லெட் பூசுறதும் தப்பு. நல்லதுன்னு நினைச்சுத்தான் செய்வோம். ஆனா லெட் மெதுவான உலோகம், திருகு அழுத்த அழுத்த நசுங்கி விலகும், நாளாவட்டத்துல லூஸ் ஆகும்.

ஹாஸ்டல்ல வாட்டர் ஹீட்டர் ராடு வச்சிருக்குறவங்களுக்கு (வார்டன் இதைப் படிக்கலைன்னு நம்புறேன்) ஒரு கணக்கு மட்டும். 1,500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதோட ஒயர்ல முறுக்கி டேப் சுத்தின ஒட்டுல அரை ஓம் தடை இருந்தா, அந்த இடத்துல 21 வாட் சூடு. கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னையே டேப்புக்குள்ள சுத்தி, பெட்ஷீட் பக்கத்துல வச்ச மாதிரி.

டைப்-சி ஃபாஸ்ட் சார்ஜிங் கேபிளும் ஹெச்டிஎம்ஐயும் வேற காரணத்துக்காக வேண்டாம். மூணு ஆம்பியருக்கு மேல போற டைப்-சி கேபிளுக்குள்ள, தான் எவ்வளவு தாங்குவேன்னு சார்ஜர்கிட்ட சொல்ற ஒரு சிப் இருக்கு. அதிவேக டேட்டா போற ஜோடி ஒயர்கள் ஒரே சீரான இம்பீடன்ஸோட முறுக்கப்பட்டிருக்கும். நம்ம கையால போட்ட ஒட்டு அதைக் கெடுத்துடும். அப்படி ஒரு கேபிள் போச்சுன்னா போச்சு, புதுசு வாங்குங்க. நான் ரிப்பேர் வெறியன் இல்ல.

இப்ப உங்க மனசுல ஓடுற கேள்வி எனக்குக் கேக்குது. "நூறு ரூபா கேபிளுக்கு இவ்வளவு வேலையா? பர்மா பஜார்ல போய் ஒண்ணு வாங்கிட்டு வந்தா முடிஞ்சுது." நியாயம்தான். யூஎஸ்பி கேபிளுக்கு நானே பல நேரம் அதைத்தான் செய்வேன். ஆனா தூக்கிப் போட்ட அந்தப் பழைய கேபிள் எங்க போகுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? தென்சென்னைக்காரன் இதைக் கேட்காம விட்டாலும் நம்மால விட முடியாது, ஏன்னா அது நம்ம வீட்டுக்குப் பக்கத்துலதான் வருது. வடசென்னைக் குப்பை கொடுங்கையூர் மேட்டுக்குப் போகுது. அங்க போறதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒயரை ஒருத்தர் பொறுக்கி எடுப்பார். காயலாங்கடையில பிளாஸ்டிக்கோட இருக்குற ஒயருக்கு ஒரு விலை, வெறும் செம்புக்கு வேற விலை. பிளாஸ்டிக்கை உரிக்க நேரம் பிடிக்கும். எரிக்க ஒரு தீக்குச்சி போதும்.

பிவிசியோட எடையில பாதிக்கு மேல குளோரின். எரிச்சா ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், தொண்டையைக் கிழிக்கும். அதைவிட மோசம், டயாக்சின் வகைப் பொருட்கள். இதுல கொடுமை என்னன்னா, அவர் எடுக்க நினைக்கிற அதே செம்புதான் டயாக்சின் உண்டாகுறதுக்கு வினையூக்கியா வேலை செய்யுது. கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் நண்பர்கள் இதை இன்னும் நல்லா விளக்குவாங்க. ஏற்கெனவே மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையச் சாம்பல், 2017-லயும் 2023 டிசம்பர்லயும் எண்ணூர்ப் பக்கம் பரவின எண்ணெய்ப் படலம்னு நம்ம ஏரியா சுவாசிக்கிறது போதும். குப்பை எரிஉலை வேண்டாம்னு வடசென்னை மக்கள் ரோட்டுக்கு வந்து நிக்குறாங்க. அதே நேரத்துல சின்னச் சின்ன எரிஉலைக்கு நம்ம டிராயர்ல இருந்து ஒயர் போயிட்டிருக்கு.

உலக அளவுல 2022-ல மட்டும் 62 மில்லியன் டன் மின்னணுக் கழிவு உருவாச்சு, அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி செஞ்சதாக் கணக்குல இருக்குறது 22.3 சதவீதம்தான்னு ஐ.நா. அமைப்புகளோட அறிக்கை சொல்லுது. இந்தியாவுல 2023 ஏப்ரல் 1-ல இருந்து புது மின்னணுக் கழிவு விதிகள் அமல்ல இருக்கு, தயாரிச்ச நிறுவனமே திரும்ப எடுக்க ஏற்பாடு பண்ணணும்னு. விதி நல்லதுதான். ஆனா அறுந்த இயர்போனை எடுத்துக்கிட்டு அதிகாரபூர்வ மையத்தைத் தேடிப் போன ஒரு ஆளை நான் இன்னும் பார்க்கல. நானும் போனதில்ல.

நிறுவனங்கள் மேலயும் எனக்குக் கோபம் இருக்கு. லேப்டாப் சார்ஜர்ல சுவர்ப் பக்கத்து ஒயரைக் கழட்டி மாத்தலாம். லேப்டாப் பக்கத்து ஒயரை மட்டும் பெட்டியோட சேர்த்தே வார்த்துடுறாங்க. தினமும் வளையுற, முதல்ல அறுந்து போற ஒயர் எதுவோ அதுதான் மாத்த முடியாத ஒயர். ரெண்டு பக்கமும் கழட்டுற மாதிரி இருந்தா, என் தங்கச்சி ஒரு மாசம் போன்ல டைப் பண்ணியிருக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 டிசம்பர் 28-ல இருந்து போன், டேப்லெட் எல்லாத்துக்கும் டைப்-சி கட்டாயம், லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28-ல இருந்து. பொது சார்ஜர் வந்தா இந்த வார்த்த ஒயர் தொல்லையும் பெரும்பாலும் போயிடும். இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டு, அந்த வருஷக் கடைசியில ஒரு இணையதளமும் திறந்துச்சு. நல்ல தொடக்கம். ஆனா உரிமை கையில வந்தாலும் அயர்னைப் பிடிக்கத் தெரியணுமே.

நம்ம கடற்கரைக்கும் கேபிளுக்கும் பழைய உறவு உண்டுங்கிறது உங்களுக்குத் தெரியுமா? 1871-லயே சென்னையில இருந்து பினாங்கு வழியா சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில தந்திக் கேபிள் போட்டுட்டாங்க. இன்னிக்கு சிங்கப்பூருக்குப் போற ஃபைபர் கேபிள்கள் சென்னையிலதான் கரையேறுது. 2020 ஆகஸ்டுல அந்தமானுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டருக்கு ஒண்ணு போச்சு. அதெல்லாமும் அறுந்து போகும். உலகம் முழுக்க வருஷத்துக்கு நூத்தைம்பது, இருநூறு தடவை. பெரும்பாலும் மீன்பிடி வலையும் கப்பல் நங்கூரமும்தான் காரணம். அறுந்தா கப்பல் போய், கொக்கி போட்டு ஒரு முனையைத் தூக்கி, பழுதான நீளத்தை வெட்டி எறிஞ்சிட்டு, புதுத் துண்டு சேர்த்து, சோதிச்சுப் பார்த்து மறுபடி இறக்குவாங்க. கடலடியில இருந்து கப்பல் தளம் வரைக்கும் தூக்க நீளம் வேணும், அதனால ரிப்பேர் ஆன கேபிள் பழசைவிடக் கொஞ்சம் நீளமாவே இருக்கும். கோடிக்கணக்கான ரூபா கேபிளையே யாரும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கல. ராயபுரம் அண்ணன் மேசையில நடந்ததுதான் அங்க பெரிய அளவுல நடக்குது.

கடைசியா நம்ம காலேஜுக்கு வர்றேன். இந்தக் கட்டுரையோட உண்மையான புகார் இதுதான். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்துல முதல் வருஷம் இன்ஜினீயரிங் ப்ராக்டிசஸ் லேப் எல்லா டிபார்ட்மென்டுக்கும் உண்டு. ஸ்டேர்கேஸ் ஒயரிங் பண்ணினோம், ஞாபகம் இருக்கா? ஒரு பொது பிசிபியில ரெசிஸ்டரை சால்டர் பண்ணினோம். எட்டுப் பேருக்கு ஒரு அயர்ன், ஒருத்தன் செய்வான், ஏழு பேர் அப்சர்வேஷன் எழுதுவோம். அப்புறம் மூணு வருஷம் அந்த அயர்ன் பூட்டின அலமாரிக்குள்ள. வெளியே நாம டேப் சுத்திக்கிட்டு.

நான் கேட்குறது பெருசா ஒண்ணும் இல்ல. வாரத்துல ஒரு மாலை, ரெண்டு மணி நேரம், அந்த லேபைத் திறந்து வைங்க. ஆம்ஸ்டர்டாம்ல 2009-ல தொடங்கின ரிப்பேர் கஃபே மாதிரி, உடைஞ்சதைக் கொண்டு வாங்க, தெரிஞ்சவங்க பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தருவாங்க, நீங்களே சரி பண்ணிக்கிட்டுப் போங்க. நம்ம மாணவர்களுக்கு மட்டும் இல்லாம பக்கத்துத் தெரு மக்களுக்கும். ஒரு சீனியர் இதுக்கு ஒரு ஆட்சேபம் சொன்னார், நியாயமானது: யாருக்காவது ஷாக் அடிச்சா யார் பொறுப்பு? அதனால மேசை மேல இருபது வோல்ட்டுக்குக் கீழ இருக்குறதை மட்டும்தான் தொடணும். சுவர்க் கரண்ட் பொருள் வந்தா மீட்டர்ல சோதிச்சு, "இந்த ஒயரை முழுசா மாத்துங்கம்மா"ன்னு சொல்லி அனுப்பணும். அந்த ஒரு வார்த்தையே எத்தனையோ வீட்டுக்குப் போதும். இன்னொருத்தன், "அந்த அண்ணன் மாதிரி ஆட்களோட பொழப்பைக் கெடுக்குறீங்களா?"ன்னு கேட்டான். நான் நேரா அவர்கிட்டயே கேட்டுட்டேன். "டிஸ்ப்ளே மாத்துறதுலதான்டா எனக்குக் காசு, ஒயர்ல என்ன வருது?"ன்னாரு. லேப் திறந்தா ஒருநாள் வந்து சொல்லித் தர்றதாவும் சொன்னாரு. காசு வேண்டாம், காலேஜை உள்ள சுத்திப் பார்க்கணும், அவ்வளவுதான்னாரு.

டிபார்ட்மென்டுக்கு லெட்டர் குடுத்து மூணு வாரம் ஆச்சு. "பார்க்கலாம்"னு பதில் வந்திருக்கு. அதுவரைக்கும், வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கேன்டீன் பின்னாடி இருக்குற சிமென்ட் மேசையில நாங்க நாலு பேர் ரெண்டு அயர்னோட உட்கார்ந்திருப்போம். பிளக் பாயின்ட் ஒண்ணுதான் இருக்கு, அதனால வரிசையில வரணும். லெட் எங்ககிட்ட இருக்கு. ஸ்லீவை மட்டும் நீங்களே வாங்கிட்டு வாங்க, வந்ததும் முதல் வேலையா அதை ஒயருக்குள்ள நுழைச்சிடுங்க.